பள்ளிக்கூட வாசலில் ஒரு மேடு

நம் தமிழ்நாட்டின் முதல் சாலை விபத்துப் புகார் எது என்று கேட்டால் நான் திருவாரூர்க் கதையைத்தான் சொல்வேன். இளவரசன் ஓட்டிப்போன தேர்ச்சக்கரத்தில் கன்றுக்குட்டி சிக்கிச் செத்தது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை ஆட்டியது. மனுநீதிச் சோழன் மகனையே தேர்க்காலில் இட்டு நியாயம் வழங்கினான். சர்க்கார் நம்மிடம் மனு வாங்கும் நாளுக்கு மனுநீதி நாள் என்று பெயர் வைத்ததும் அந்த நினைவில்தான்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஆனால் வயதான பிறகு அதில் ஒரு சந்தேகம் வந்தது. தண்டனை முடிந்தது, சரி. மறுநாள் அதே வீதியில் தேர்கள் மெதுவாகப் போவதற்கு ராஜா என்ன ஏற்பாடு செய்தான்? கதையில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இந்தச் சந்தேகம் எனக்குச் சும்மா வரவில்லை. நானும் மணியை ஆட்டியவன். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் நம் ஊர் ரோடுகளின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கோவில்பட்டிச் சுற்று வட்டாரத்தில் ரோடு என்பது மற்ற ஊர் ரோடு மாதிரி இல்லை. காரணம் கரிசல் மண். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாலு மழை பெய்துவிட்டால் களியாகிவிடும். காலை வைத்தால் செருப்பு மண்ணோடு நின்றுவிடும், கால் மட்டும் வரும். வண்டிச் சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். மாட்டை அடித்தும் பயனில்லை. அந்தக் காலத்தில் மழைக்காலம் முழுக்கக் கிராமங்கள் தீவு மாதிரி நின்றதைப் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள்.

அப்படிப்பட்ட மண்ணில் யார் செலவு செய்து ரோடு போட்டார்கள்? 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயரால் தெற்கே போகும் பாதையை நம் பெரியவர்கள் மங்கம்மா சாலை என்றே சொன்னார்கள். அதில் நடந்தவர்கள் யாத்ரீகர்கள், வியாபாரிகள். பிறகு பாளையக்காரர் போர் வந்தது. 1799இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கும்பெனிப் படைகளும் பீரங்கிகளும் நடந்த பாதை இது. அதற்கப்புறம் பருத்தி. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கிலாந்து ஆலைகளுக்கு அங்கிருந்து பஞ்சு வரவில்லை. இந்தியப் பஞ்சுக்கு விலை ஏறியது. கரிசல் காட்டுப் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வண்டி வண்டியாகப் போனது. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயிலும் வந்துவிட்டது.

படைக்கும் பருத்திக்கும் போட்ட ரோடு இது. புத்தகப் பை தூக்கிய பிள்ளையை நினைத்து யாரும் போடவில்லை.

பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். 1956இல் காமராஜர் பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆடு மேய்க்கப் போன பையன்களும் பள்ளிக்கூடத்துக்கு வரத் தொடங்கிய காலம் அது. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் எழும்பியது. அதை எங்கே கட்டினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் பார்த்த வரை பெரும்பாலும் ரோட்டோரத்தில்தான். ரோட்டோரம்தான் மழைக்காலத்திலும் கால் புதையாத இடம். சரளை கொட்டி, கப்பி போட்டு உயர்த்திய ரோட்டின் மேல்தான் பிள்ளைகள் நடந்து வர முடியும். அன்றைக்கு அது நல்ல யோசனை. மணிக்கு ஒரு வண்டி போகும். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைத்த காலம். பஸ் வரும் சத்தம் ரெண்டு மைலுக்கு முன்னாலேயே கேட்கும்.

ரோடு மாறிவிட்டது. பள்ளிக்கூடம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வாசல் அதே ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. நம் ஊர் விவகாரத்தின் வேர் இதுதான்.

இப்போது என் கதை. 2011ஆம் வருடம். எங்கள் தெரு வந்து சேரும் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சாயங்காலம் மணி அடித்ததும் ரோட்டைத் தாண்டி ஐஸ் வண்டிக்கு ஓடினான். லோடு ஆட்டோ ஒன்று அடித்துவிட்டது. உயிர் பிழைத்தான், தொடை எலும்பு முறிந்தது. மறுநாள் காலையில் மறியல். போலீஸ் வந்து சமாதானம் பேசியது. கூட்டத்தில் யாரோ, "மனு எழுதுங்க, அண்ணாச்சி எழுதுவாங்க" என்று என்னைக் கைகாட்டினார்கள். ஆபீஸில் காலமெல்லாம் கடிதம் எழுதிய கை. பத்து நிமிஷத்தில் எழுதினேன். "மேற்படி பள்ளி முன்பு உடனடியாக வேகத்தடை அமைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." 42 கையெழுத்து.

நம்பமாட்டீர்கள், ஒன்பதாம் நாள் ராத்திரி ஒரு லாரியில் தார்க்கலவை வந்து இறங்கியது. விடிந்து பார்த்தால் பள்ளி வாசலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ரெண்டு வேகத்தடை. தெருவே என்னைப் பாராட்டியது. நானும் ரெண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், இருட்டும் நேரம். பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர், தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்த மனைவியைப் பின்னால் உட்காரவைத்து மொபட்டில் வந்திருக்கிறார். வேகமாகவும் வரவில்லை. புது மேடு அவருக்குத் தெரியாது. பெயிண்டு இல்லை, போர்டு இல்லை, விளக்கும் இல்லை. கறுப்பு ரோட்டில் கறுப்பு மேடு. வண்டி தூக்கிப் போட்டதில் அந்தப் பெண் பின்னால் விழுந்து தலையில் அடி. மூன்று மாதம் படுக்கை. இன்றைக்கும் ஒரு காது சரியாகக் கேட்காது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். வெளியே உட்கார்ந்திருந்த மாமியார், "ரோடு நல்லாத்தானய்யா இருந்துச்சு, நடுவுல அந்த மேட்ட யாரு போடச் சொன்னது?" என்று அழுதார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிப்போன ஹார்லிக்ஸ் பாட்டிலை அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம் நெடுஞ்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற என் சிநேகிதர் ஒருவரைக் கூட்டிப்போய் மேட்டைக் காட்டினேன். டேப்பைப் பிடித்து அளந்தார். உயரம் ஒன்பது அங்குலம். குறுக்கே அகலம் ரெண்டரை அடி. அவர் சிரித்தார். "நீ வேகத்தடை வேணும்னு எழுதினே. எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம்னு எழுதினியா? அளவு சொல்லாம டெய்லர்கிட்ட துணி குடுத்தா சட்டை இப்படித்தான் வரும்."

இதற்கெல்லாம் அளவு உண்டா என்று கேட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு இந்த மேட்டின் சரித்திரம் தெரிய ஆரம்பித்தது. பிறகு நானாகவும் தேடிப் படித்தேன்.

ஆர்தர் காம்ப்டன் என்று ஒரு அமெரிக்க விஞ்ஞானி. எக்ஸ் கதிர் ஆராய்ச்சிக்காக 1927இல் நோபல் பரிசு வாங்கியவர். அதற்குச் சற்று முன்பு லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் பாடம் நடத்தியவரும்கூட. பின்னாளில் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். கல்லூரி வளாகத்துக்குள் கார்கள் பறப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் 1953இல் ரோட்டுக்குக் குறுக்கே போடும் மேட்டை அவரே வரைந்து கொடுத்தார். அணுவை ஆராய்ந்த கைதான் இந்த மேட்டையும் வரைந்தது.

ஆனால் அளவை முறையாகக் கண்டுபிடித்தது இங்கிலாந்தில். 1973இல் அங்கே அரசாங்கத்தின் சாலை ஆராய்ச்சிக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் பல உயரம், பல நீளத்தில் மேடு போட்டு, எல்லா வகை வண்டியையும் அவற்றின் மேல் ஓட்டிப் பார்த்தார். அவர் கண்டுபிடித்தது நம் வண்டிக்காரர்களுக்கு எளிதாகப் புரியும். மேடு ஒடுக்கமாக இருந்தால் வேகமாக வரும் காருக்கு அதிர்ச்சி குறைவு. சக்கரம் மட்டும் துள்ளும், ஸ்பிரிங் அதை வாங்கிக்கொள்ளும், உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மெதுவாக வருகிறவனுக்குத்தான் இடுப்பு ஒடியும். மேடு நீளமாக, முதலை முதுகு மாதிரி தாழ்ந்து வளைந்து இருந்தால் கதை தலைகீழ். மெதுவாக ஏறி இறங்கினால் தாலாட்டு. வேகமாக வந்தால் வண்டி முழுவதும் தூக்கிப் போடும். ஆக, வேகமாக வருகிறவனை மட்டும் தண்டிக்கும் மேடு எது என்று பார்த்தார். 12 அடி நீளம், 4 அங்குல உயரம் என்று முடிவுக்கு வந்தார்.

நம் நாட்டில் ரோடு விஷயங்களுக்கு விதி எழுதுவது இந்தியச் சாலைக் காங்கிரஸ். அரசியல் கட்சி இல்லை, 1934இல் தொடங்கிய இன்ஜினீயர்கள் சபை. அவர்கள் 1988இல் வேகத்தடைக்கு வழிகாட்டி வெளியிட்டார்கள். போக்குவரத்து போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், வளைவு 17 மீட்டர் ஆரத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே 12 அடி, அதே 4 அங்குலம். மணிக்கு 25 கிலோமீட்டரில் வந்தால் அலுங்காமல் தாண்டலாம். மேட்டுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும். ராத்திரியில் மின்னும் பூனைக்கண் பதிக்க வேண்டும். 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் போர்டு வைக்க வேண்டும். எங்கள் வாசலில் மேடு போட்டபோது இந்த விதிக்கு 23 வயது.

அளவில்லாத மேடு எங்கள் தெருவில் மட்டும் நடந்த விபரீதம் என்று நினைத்திருந்தேன். பிறகு மத்திய அரசின் கணக்கு வெளியானது. 2015ஆம் வருடம் ரோட்டுப் பள்ளங்களால் நாட்டில் இறந்தவர்கள் 3,416 பேர். வேகத்தடைகளால் இறந்தவர்கள் 3,409 பேர். ரெண்டுக்கும் வித்தியாசம் ஏழே பேர். பள்ளத்துக்குக் கோபப்படுகிறோம். மேட்டை நாமே மனுப் போட்டு வாங்குகிறோம். மறு வருடம், தேசிய நெடுஞ்சாலைகளில் உள்ள வேகத்தடைகளை எடுத்துவிடும்படி மத்திய அரசு உத்தரவு போட்டது. பழைய 7ஆம் நம்பர், இப்போதைய 44ஆம் நம்பர் நாலுவழிச் சாலை நம் ஊர் ஓரமாகத்தான் போகிறது. நூறில் வரும் வண்டிக்கு முன்னால் மேடு போட்டால் அதுவே விபத்தாகிவிடும். அங்கே கேட்க வேண்டியது சுரங்கப்பாதை, சர்வீஸ் ரோடு. மேடு எல்லாம் உள்ளூர் ரோட்டுக்குத்தான்.

அப்படியானால் மனுப் போடுவதே தப்பா? அதுவும் இல்லை. ஹாலந்து நாட்டுக் கதையைக் கேளுங்கள். இன்றைக்கு சைக்கிளுக்குப் பேர்போன தேசம். 1971இல் அங்கே 400க்கும் மேல் பிள்ளைகள் ரோட்டில் செத்தார்கள். அதில் ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போகும் வழியில் இறந்தாள். அவள் அப்பா விக் லாங்கன்ஹாய்சன் பத்திரிகைக்காரர். 1972இல் தன் நாளிதழில் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று எழுதினார். அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்தின் பெயராகிவிட்டது. தாய்மார்கள் தெருவை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஆனால் அவர்கள் மறியலோடு எழுந்து போகவில்லை. தெரு எப்படி இருக்க வேண்டும் என்று படம் வரைந்து கையில் கொடுத்தார்கள். 1976இல், பிள்ளைகள் விளையாடும் குடியிருப்புத் தெருவில் வண்டி நடை வேகத்தில்தான் போக வேண்டும் என்று அங்கே சட்டமே வந்துவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிக்கூடப் பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ரெண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து இறந்தது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். அன்றைக்குப் பேப்பர் படித்துவிட்டுச் சாப்பிட முடியாமல் போனவர்களில் நானும் ஒருவன். சென்னை உயர்நீதிமன்றம் யாரும் வழக்குப் போடும் வரை காத்திராமல் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. அதே வருடம் பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. இப்போது வருஷா வருஷம் மே மாதம் பள்ளி வேன்களையும் பஸ்களையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரர்கள் ஏறி இறங்கிப் பார்ப்பதை நாம் பார்க்கிறோம். படி எவ்வளவு உயரம், தளத்தில் ஓட்டை உண்டா, தீயணைப்புக் கருவி இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் அளவு, எல்லாவற்றுக்கும் தேதி.

என் ஆதங்கம் இதுதான். பஸ்ஸை அளக்கிறோம். அந்தப் பஸ்ஸிலிருந்து பிள்ளை இறங்கும் ரோட்டை யாரும் அளப்பதில்லை. அதே மே மாதத்தில் ஒரு டேப்போடு பள்ளிக்கூட வாசலுக்கும் வந்தால் என்ன? மேடு நாலு அங்குலம் இருக்கிறதா, பெயிண்டு தெரிகிறதா, போர்டை முள்மரம் மறைக்கிறதா என்று பார்க்க ஒரு பள்ளிக்குப் பத்து நிமிஷம் போதும். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, தரக்குறைவான ரோட்டால் சாவோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். நல்லதுதான். ஆனால் அதுவும் திருவாரூர் நியாயம் மாதிரி கன்று செத்த பிறகு வருவது.

கரிசலில் இந்த அளவு வேலை இன்னும் முக்கியம். வேறு மண்ணில் போட்ட மேடு போட்டபடி இருக்கும். இங்கே மழையில் மண் உப்பும், வெயிலில் சுருங்கும். ரோட்டின் ஓரம் இறங்கும், தார் வெடிக்கும். ரெண்டு மழைக்காலம் தாண்டினால் மேடு ஒரு பக்கம் சாய்ந்து, அதன் ஓரத்தில் தண்ணீர் தேங்கி, அங்கே ஒரு பள்ளமும் பிறந்துவிடும். பைக்காரர்கள் மேட்டைத் தவிர்க்க ஓரத்து மண்ணில் இறங்குவார்கள். பிள்ளைகள் நடப்பதோ அந்த ஓரத்தில்தான். ஒருமுறை போட்டோம், தீர்ந்தது என்று நம் ஊரில் இருக்க முடியாது.

அந்தப் பெண் விழுந்த பிறகு நான் ரெண்டாவது மனு எழுதினேன். இந்தத் தடவை பத்து நிமிஷத்தில் எழுதவில்லை, ரெண்டு நாள் ஆனது. சிநேகிதர் பக்கத்தில் உட்கார்ந்து அளவு சொன்னார். உயரம், அகலம், பட்டை, போர்டு, விளக்கு என்று ஐந்து வரி. மேட்டின் குறுக்குவெட்டுப் படமும் வரைந்து இணைத்தோம். கையெழுத்து வாங்கப் போனபோது பழைய 42 பேரில் பாதிப் பேர், "எதுக்கு அண்ணாச்சி, மேட்டைக் குறைச்சா வண்டி பறக்கும்" என்றார்கள். 19 கையெழுத்துதான் கிடைத்தது. பதினான்கு மாதம் நடந்தேன். கடைசியில் ஒரு இளம் அதிகாரி வந்து பார்த்து, பழைய மேட்டைச் செதுக்கி எடுத்துவிட்டு அளவாகப் போட்டுக் கொடுத்தார். மேட்டைக் குறைத்தும் வண்டிகள் பறக்கவில்லை. லோடு ஆட்டோக்கள் இருபதில்தான் வந்தன. பஸ்ஸின் கடைசி சீட்டில் இருந்தவர்கள் என்னைத் திட்டுவதும் நின்றது.

வெள்ளைப் பட்டை ஒன்றரை வருடம் நின்றது. அப்புறம் அழிந்தது. சில வருடம் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நானும் எதிர்வீட்டுக்காரரும் வாளியில் பெயிண்டோடு போய் அடித்தோம். இப்போது முழங்கால் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

போன வருடம் அந்த ரோட்டின் மேல் புதுத் தார் போட்டார்கள். அருமையான ரோடு. ஆனால் மேடும் அதற்குள் புதைந்துவிட்டது. இப்போது அங்கே ஒரு சின்ன அலை மாதிரிதான் இருக்கிறது. லோடு ஆட்டோக்கள் மறுபடி ஐம்பதில் போகின்றன. ஆக மூன்றாவது மனு எழுதியாகிவிட்டது. உங்கள் ஊரிலும் எழுத வேண்டி வந்தால் என்னைப் போல் ஒற்றை வரியில் எழுதாதீர்கள். அளவை எழுதுங்கள், படம் போடுங்கள், பெயிண்டை வருஷத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். போட்டு முடித்ததும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள்.

கையெழுத்து வாங்கப் பள்ளி வாசலில் நின்றபோது, அன்றைக்கு மொபட்டிலிருந்து விழுந்த அந்தப் பெண் தன் மகளைக் கூட்டிப்போக வந்திருந்தார். மகள் ஆறாம் வகுப்பு. தாளை அவரிடம் நீட்டுவதற்கு முன்னால், இத்தனை வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். "தாயி, அந்த முதல் மேட்டைக் கேட்டு மனு எழுதினது நான்தான்." அவர் நல்ல காது என் பக்கம் வரும்படி தலையைத் திருப்பிக் கேட்டார்.

"தெரியும் ஐயா. அப்பவே சொன்னாங்க" என்றார். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டு, "பெயிண்டு அடிக்கணும்னு எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

மூன்றாவது வரியைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.